துருவக் கடலின் ஆழக் கலப்பு: காலநிலை மாதிரிகள் அதை எப்படிக் கணக்கிடுகின்றன?

குன்னூர் ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். பெருங்கடல்களின் அடியில் நிற்கும் குளிர்நீர் துருவப் பகுதிகளில் மூழ்கிய நீரே என்றும், நம் வங்கக் கடலின் ஆழத்தில் ஓரிரு டிகிரி வெப்பநிலையோடு கிடக்கும் நீருக்கும் தென்துருவப் பக்கமே மூலம் என்றும் வகுப்பில் சொன்னபோது, ஒரு மாணவி இரண்டு கேள்விகளை எழுப்பினாள். நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகுந்த அடர்த்தியோடு இருக்கும் என்றால், அதைவிடக் குளிர்ந்த துருவக் கடல்நீர் மிதக்காமல் மூழ்குவது ஏன் என்பது முதலாவது. உப்புதான் காரணம் என்று சுருக்கமாகச் சொல்லி முடித்தேன். விரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

இரண்டாவது கேள்விக்காகவே இங்கே எழுதுகிறேன். கணினியில் சமன்பாடுகளாக ஓடும் காலநிலை மாதிரிகள் பலவும் கடலை ஏறத்தாழ ஒரு பாகை, அதாவது நிலநடுக்கோட்டில் 111 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்துக்கொள்கின்றன. குளிர்காலத்தில் துருவக் கடலில் செங்குத்தாக இறங்கும் நீர்த்தாரைகளின் அகலமோ ஒரு கிலோமீட்டர் அளவுதான். கட்டத்துக்குள் கண்ணுக்கே தெரியாத ஒன்றை மாதிரி எப்படிக் கணக்கில் கொள்கிறது? இதைத் தேடிப் படித்தபோது, அண்டார்டிகாவின் அடிநீர் இயற்கையில் கரையோரத்தில் உருவாக, பெரும்பாலான மாதிரிகளில் நடுக்கடலில் உருவாகிறது என்ற செய்தியும் கண்ணில் பட்டது. உருவாகும் இடமே தவறென்றால் விடையை எந்த அளவுக்கு நம்பலாம்? மாணவியிடம் மழுப்பாமல் சொல்லக்கூடிய பதில் வேண்டும்.

வெலிங்டன் வாசகர்

முதல் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். 4 டிகிரி என்பது நன்னீருக்கு உரிய கணக்கு. நீரில் உப்பு சேரச் சேர, அடர்த்தி உச்சம் பெறும் வெப்பநிலையும் உறைநிலையும் சேர்ந்தே இறங்குகின்றன. ஆனால் முன்னது விரைவாக இறங்குகிறது. கிலோவுக்கு ஏறத்தாழ 24.7 கிராம் உப்பு இருக்கும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பெருங்கடல் நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் இருப்பதால், அது உறையும் வரை, அதாவது ஏறத்தாழ மைனஸ் 1.9 டிகிரி வரை, குளிரக் குளிரக் கனத்துக்கொண்டே போகும்.

ஆனால் அந்தக் கனம் சேரும் வேகம் எங்கும் ஒன்றல்ல. 28 டிகிரியில் உள்ள கடல்நீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் அடர்த்தி எவ்வளவு கூடுமோ, அதில் ஆறில் ஒரு பங்குதான் 0 டிகிரியில் உள்ள நீர் ஒரு டிகிரி குளிரும்போது கூடுகிறது. ஆகவே துருவத்தில் குளிரைவிட உப்புக்கே அதிகாரம். கடற்பனி உறையும்போது உப்பின் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடுவதால் அடியிலுள்ள நீர் கனக்கிறது. பனி உருகினாலோ மழை பெய்தாலோ மேலே நன்னீர் படர்ந்து, மூழ்குவதைத் தடுத்துவிடுகிறது. மாதிரி ஒன்று கடற்பனியையும் மழையையும் சற்றே தவறாகக் கணித்தாலும் ஆழக் கலப்பு முழுவதும் இடம் மாறிவிடுவதற்கு இதுவே காரணம்.

வட்டக்கானல்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். கடல் மாதிரிகளோடு சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டு இப்போது கொடைக்கானல் பக்கம் இருக்கிறேன். உங்கள் மாணவியின் இரண்டாவது கேள்விக்குள் இரண்டு தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று, நீர் செங்குத்தாகக் கலப்பது. மற்றொன்று, கனத்த நீர் சரிவு வழியே இறங்குவது. முதலாவதை மாதிரிகள் நாம் நினைப்பதைவிட நன்றாகவே செய்கின்றன. அவை சறுக்குவது இரண்டாவதில்தான். இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் மாதிரிகளையே தூக்கி எறிய வேண்டும் என்ற முடிவுக்குச் சிலர் போய்விடுகிறார்கள்.

முதலில் செங்குத்துக் கலப்பைப் பார்ப்போம். கிரீன்லாந்துக்குத் தென்மேற்கே உள்ள லாப்ரடார் கடலை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவிலிருந்து வீசும் வறண்ட குளிர்காற்று மேல்நீரின் வெப்பத்தைப் பறித்துக்கொண்டு போக, மேல்நீர் கீழ்நீரைவிடக் கனத்து, ஒரு கிலோமீட்டர் அகலத் தாரைகளாக வினாடிக்குச் சில சென்டிமீட்டர் முதல் 10 சென்டிமீட்டர் வரை வேகத்தில் இறங்குகிறது. 2,000 மீட்டர் இறங்க அரை நாள் போதும். 1990களின் முற்பகுதியில் வந்த கடுங்குளிர்காலங்களில் இந்தக் கலப்பு 2,000 மீட்டரையும் தாண்டிப் போனதைக் கப்பல் அளவீடுகள் பதிவு செய்திருக்கின்றன.

மாதிரிகளின் சமன்பாடுகளில் இப்படி ஒரு தாரை தோன்றவே வழியில்லை. கட்டம் பெரிது என்பது ஒரு காரணம் மட்டுமே. எந்த ஆழத்திலும் அழுத்தம் என்பது மேலே நிற்கும் நீரின் எடைக்குச் சமம் என்று அவை முன்கூட்டியே வைத்துக்கொள்வதால், செங்குத்து முடுக்கத்துக்கே அங்கே இடமில்லை. கனத்த நீர் மேலே, லேசான நீர் கீழே என்று ஒரு நீர்த்தூண் தலைகீழாக நின்றாலும், அந்தச் சமன்பாடுகள் அதைத் தாமாகக் கவிழ்க்க மாட்டா. எனவே தனியாக ஒரு விதியைச் சேர்க்கிறார்கள். கிர்க் பிரையன் 1969இல் வெளியிட்ட கடல் மாதிரியின் வழிவந்த பழைய முறையில், அடுத்தடுத்த இரண்டு அடுக்குகளை ஒப்பிட்டு, மேலது கனமாக இருந்தால் இரண்டின் வெப்பத்தையும் உப்பையும் சராசரியாக்கிவிடுவார்கள். பிறகு அதற்கடுத்த அடுக்கு, அதற்கும் அடுத்தது என்று கீழே போவார்கள். பின்னால் வந்த மாதிரிகள் பல, அப்படிப்பட்ட தூணில் செங்குத்துப் பரவல் குணகத்தை (வெப்பமும் உப்பும் மேலும் கீழும் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதைக் குறிக்கும் எண்ணை) மட்டும் பல்லாயிரம் மடங்கு உயர்த்திவிடுகின்றன. 1994இல் லார்ஜ், மக்வில்லியம்ஸ், டோனி ஆகிய மூவரும் வெளியிட்ட முறை, மேலடுக்கு எவ்வளவு ஆழம் வரை கொந்தளிக்கும் என்பதைக் காற்றையும் வெப்ப இழப்பையும் கொண்டு கணித்து, அதற்கேற்பக் குணகத்தை வகுக்கிறது.

இதை வகுப்பில் கணக்காகவே போட்டுக் காட்டலாம். கலப்பதற்கான காலம், ஆழத்தின் வர்க்கத்தைக் குணகத்தால் வகுத்தால் தோராயமாகக் கிடைக்கும். அமைதியான ஆழ்கடலில் குணகம் வினாடிக்கு 0.00001 சதுர மீட்டர் அளவு. 2,000 மீட்டருக்கு இந்தக் கணக்கைப் போட்டால் 12,000 ஆண்டுகளுக்கு மேல் வரும். தூண் நிலைகுலைந்ததும் மாதிரி குணகத்தை 10 என்று மாற்றிவிட்டால் அதே வேலை ஐந்து நாட்களுக்குள் முடிந்துவிடும். இயற்கையில் தாரை அரை நாளில் இறங்குகிறது. மாதிரி ஐந்து நாள் எடுத்துக்கொள்கிறது. பருவக் கணக்கில் பார்த்தால் இந்த வேறுபாடு பெரிதல்ல.

தாரையே இல்லாமல் சராசரியாக்குவது எப்படிச் சரியாகும் என்று மாணவி கேட்கலாம். தாரைகள் இறங்கும் அதே பகுதியில் அவற்றுக்கிடையே நீர் மேலேறிக்கொண்டும் இருக்கிறது. அந்தப் பகுதி முழுவதையும் கூட்டிப் பார்த்தால் கீழே போன நீருக்கும் மேலே வந்த நீருக்கும் பெரிய வேறுபாடு இராது. மிச்சம் நிற்பது வெப்பமும் உப்பும் இடம் மாறியது மட்டுமே, அதாவது கலப்பு. ஆகவே கலப்பை நேரடியாகக் கணக்கில் வைப்பது குறுக்குவழிதான் என்றாலும், இயற்பியலுக்கு விரோதமான குறுக்குவழி அல்ல.

இதிலும் ஒரு குறை உண்டு, அது கலந்து முடிந்த பிறகு வருவது. கலந்த தூணின் ஓரங்களில் பத்து கிலோமீட்டர் அளவுள்ள சுழல்கள் பிறந்து, சுற்றியுள்ள லேசான நீரை உள்ளே கொண்டுவந்து மூடிவிடும். இந்தச் சுழல்களும் கட்டத்துக்குள் அடங்காதவை. ஜென்ட், மக்வில்லியம்ஸ் இருவரும் 1990இல் வகுத்த விதிதான் பெரும்பாலும் இவற்றுக்குப் பதிலாக நிற்கிறது. அந்த விதியின் வலிமையைக் குறைத்து வைத்துவிட்டால், மாதிரியின் லாப்ரடார் கடல் அளவுக்கு மீறிய ஆழத்துக்கும் அகலத்துக்கும் கலந்துகொண்டே போகும்.

அடுத்து அண்டார்டிகா. வெடல் கடல், ராஸ் கடல், அடேலி கடற்கரை ஆகியவற்றின் ஓரங்களில், கண்டத்திலிருந்து இறங்கும் காற்று கடற்பனியை அப்புறப்படுத்திக்கொண்டே இருப்பதால், பனி நடுவே திறந்த நீர்ப்பரப்புகள் தோன்றுகின்றன. இவற்றைப் பாலினியா என்பார்கள். அங்கே புதுப்பனி உறைந்துகொண்டும் உப்பைக் கக்கிக்கொண்டும் இருக்க, சில நூறு மீட்டர் ஆழமே உள்ள கண்டத்திட்டின்மேல் கனத்த நீர் தேங்கி, விளிம்பைத் தாண்டி 4,000 மீட்டருக்கும் கீழே வழிகிறது. நம் நாட்டின் பாரதி ஆய்வு நிலையம் இருக்கும் பிரிட்ஸ் விரிகுடாவுக்கு மேற்கே, கேப் டார்ன்லி அருகிலும் இப்படியொரு மூலம் இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013இல் உறுதிப்படுத்தினார்கள். கடலடியில் நிறுத்திய கருவிகளோடு, யானைச்சீல்களின் தலையில் பொருத்திய உணரிகளும் அதற்குச் சான்று தந்தன.

வழியும் அந்த நீர் கடலடித் தரையை ஒட்டி 100, 200 மீட்டர் தடிமனில் ஓடுகிறது. மாதிரியின் கடலடியோ படிக்கட்டு வடிவில் இருக்கிறது. ஒவ்வொரு படியின் விளிம்புக்கும் வந்ததும் கனத்த நீர் அடுத்த தூணில் லேசான நீருக்கு மேலே போய் நிற்கும்; உடனே, முன்னே சொன்ன அதே கலப்பு விதி விழித்துக்கொண்டு இரண்டையும் சராசரியாக்கிவிடும். படிக்குப் படி இப்படி நீர்த்துப்போவதால், அடிக்குப் போய்ச் சேரும்போது அதில் கனம் என்று ஒன்றுமே மிஞ்சாது. லாப்ரடாரில் உதவிய விதி இங்கே குழி பறிக்கிறது. அடியில் கனத்த நீரின் வரத்து குறைந்தால் மேலுக்கும் கீழுக்கும் அடர்த்தி வேறுபாடு தேய்ந்துபோகும். ஏதோ ஒரு குளிர்காலத்தில் வெடல் கடலின் நடுப்பகுதி மொத்தமாகக் கவிழ்ந்து அடி வரை கலந்துவிடும். பல நாட்டு மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் பன்னாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் சுற்றை (CMIP5) ஆராய்ந்து 2013இல் வெளியான கட்டுரை ஒன்று, அதில் பார்த்த மாதிரிகளில் பெரும்பாலானவை அடிநீரை இப்படித்தான் உண்டாக்குகின்றன என்று காட்டியது. நீங்கள் படித்த செய்தியின் வேர் அதுவாக இருக்கலாம்.

நடுக்கடல் கவிழ்வு இயற்கையில் நடக்கவே நடக்காதது என்றும் சொல்வதற்கில்லை. 1974 முதல் 1976 வரை மூன்று குளிர்காலங்களில் வெடல் கடலின் நடுவே ஏறத்தாழ இரண்டரை லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைப் போல் இரு மடங்குப் பரப்பு, பனியில்லாமல் திறந்து கிடந்ததை நிம்பஸ்-5 செயற்கைக்கோள் கண்டது. அதன் பிறகு அந்த அளவில் நடக்கவில்லை. 2016, 2017ஆம் ஆண்டுகளில் மாட் ரைஸ் என்ற கடலடிக் குன்றின்மேல் சிறிய அளவில் திறந்து மூடியது. அரிதாக நடப்பதை மாதிரிகள் அன்றாட வழக்கமாக்கிவிட்டன என்பதே குற்றச்சாட்டு.

எமரால்டு தேயிலைக்காரர்

வட்டக்கானல் அண்ணன் சொன்ன படிக்கட்டுச் சிக்கலைப் படித்ததும் நீலகிரியில் எங்கள் எமரால்டு ஊரின் உறைபனி நினைவுக்கு வந்தது. டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிந்து காற்று அசையாமல் இருக்கும் இரவுகளில், மேட்டில் குளிர்ந்த காற்று சரிவு வழியே ஓடையோரம் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். விடிந்து வெயில் ஏறிய பிறகு பார்த்தால், கீழ் வரிசைகளில் கொழுந்து கருகிக் கிடக்கும். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போனால் செடி பச்சையாகவே இருக்கும். எதுவரை பனி நின்றது என்பதைக் கோடு போட்டதுபோல் காணலாம். தாகைச் செடிகளை வெட்டிக் கீழ் வரிசைகளை மட்டும் மூடுவதும் அதனால்தான். அன்றைய இரவுக்குக் கைப்பேசி காட்டும் வெப்பநிலையோ 8, 9 டிகிரி என்று இருக்கும். அந்த முன்கணிப்பின் கட்டத்துக்குள் மேடும் பள்ளமும் சேர்ந்து ஒரே உயரமாகிவிடுவதால், தேங்குவதற்கு அங்கே பள்ளமே இல்லை. கடலிலும் இதே கதைதானா?

வட்டக்கானல்

மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. தரையை ஒட்டி மெல்லிய அடுக்காக இறங்கும் கனத்த பொருள், அதைக் காண முடியாத பெரிய கட்டம் என்ற இரண்டும் அப்படியே பொருந்துகின்றன. ஒன்று மட்டும் பொருந்தாது. எமரால்டு பள்ளத்தில் காற்று நேராகக் கீழே இறங்கிவிடுகிறது. ஓடும் தூரம் குறைவு, ஆகும் நேரமும் குறைவு என்பதால் பூமியின் சுழற்சி அதைத் திருப்ப நேரமே இல்லை. 70 பாகை தெற்கில் சுழற்சியின் பிடி நீலகிரியில் இருப்பதைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. நீரும் நாட்கணக்கில், பல பத்து கிலோமீட்டர் ஓடுகிறது. அதனால் அது இடப்பக்கம் திரும்பி, சரிவுக்குக் குறுக்காக மேற்கு நோக்கி ஓடத் தலைப்படும். உராய்வும் சுழல்களும் கடலடிப் பள்ளத்தாக்குகளும் இருப்பதால்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்க முடிகிறது. அந்தப் பள்ளத்தாக்குகளும் பெரிய கட்டத்தில் மழுங்கிப் போகின்றன என்பதால் மாதிரிக்கு இது இரட்டை இழப்பு.

கோத்தகிரி நிரலாளர்

இவ்வளவு ஒட்டுப்போடுவதைவிடக் கட்டத்தைச் சிறிதாக்கிவிட்டால் முடிந்ததே. கணினிகள்தான் ஆண்டுக்கு ஆண்டு வலுப்பெறுகின்றனவே. ஒட்டு விதிகளைச் சீர்செய்வதில் செலவிடும் உழைப்பு வீண் என்பதே என் கருத்து.

வட்டக்கானல்

வீண் என்பதை ஏற்க மாட்டேன். ஒரு பாகைக் கட்டத்தைப் பத்தில் ஒரு பாகையாக்கினால், நெடுக்கில் பத்து, குறுக்கில் பத்து, கணக்கிடும் காலப்படியும் சுருங்குவதால் இன்னொரு பத்து என்று வேலை ஆயிரம் மடங்காகிறது. அதோடு, ஆழ்கடல் தன் நிலைக்கு வந்து சேர ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஓட்ட வேண்டும். ஆயிரம் மடங்குச் செலவில் ஆயிரம் ஆண்டு ஓட்டுவது இன்று எந்த நிறுவனத்துக்கும் எளிதல்ல. அண்டார்டிகக் கண்டத்திட்டில் சுழல்களின் அளவு ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவு என்பதால் பத்தில் ஒரு பாகைகூட அங்கே போதாது.

அதனால் நடுவழிகளைத் தேடுகிறார்கள். வேண்டிய இடத்தில் மட்டும் முக்கோணக் கட்டங்களை நெருக்கமாக அமைக்கும் மாதிரியை ஜெர்மனியின் ஆல்ஃபிரெட் வெகனர் நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. அடுக்குகளைச் சம ஆழத்துக்குப் பதிலாகச் சம அடர்த்திக்கு ஏற்ப வகுக்கும் மாதிரிகளில் படிக்கட்டுச் சிக்கல் பெரிதும் குறைகிறது. வடக்கே கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையிலுள்ள டென்மார்க் நீரிணை போன்ற இடங்களுக்கு அமெரிக்க மாதிரி ஒன்று வேறு வழியை எடுத்தது: நீரிணையின் இருபக்கத்து அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டு எவ்வளவு நீர் வழியும், வழியில் எவ்வளவு கலக்கும் என்று கணித்து, அந்த அளவு நீரை மேல்கட்டத்திலிருந்து எடுத்து நேரே அடிக்கட்டத்தில் சேர்த்துவிடுவது. பார்க்க அழகில்லாத வழிதான், ஆனால் வேலை செய்கிறது. எனக்கு இதில் குறையாகத் தெரிவது, எங்கே வழியும் என்பதை நாமே முன்கூட்டிச் சொல்லியாக வேண்டும் என்பது.

இனி ஆசிரியையின் கடைசிக் கேள்வி. எதை நம்பலாம் என்பது எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் தமிழ்நாடு எவ்வளவு வெப்பமடையும் என்ற கணக்கில் வெடல் கடலின் அடிநீர் பெரிய பங்கு வகிப்பதில்லை. நூறு, இருநூறு ஆண்டுகளில் தென்பெருங்கடல் எவ்வளவு வெப்பத்தையும் கரியமில வாயுவையும் உள்வாங்கும், கடல்மட்ட உயர்வு எங்கே கூடும் என்ற கேள்விகளுக்கு அதன் பங்கு பெரிது. அங்கே மாதிரிகளின் விடையை நான் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்வேன். பனிக்கண்டம் உருகி வரும் நன்னீரைப் பெரும்பாலான மாதிரிகள் முறையாகச் சேர்ப்பதே இல்லை என்பதும் இதோடு சேரும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பத்தில் ஒரு பாகைக் கட்டத்தில் அந்த நன்னீரையும் சேர்த்துப் பார்த்து, உமிழ்வு உயர்ந்தபடியே போனால் அடிநீரின் ஓட்டம் 2050க்குள் 40 விழுக்காட்டுக்கு மேல் குறையலாம் என்று 2023இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஒரு மாதிரியின் விடை அது என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆனால் கப்பல்கள் மீண்டும் மீண்டும் அதே தடத்தில் சென்று அளந்ததில், 1990கள் முதல் 4,000 மீட்டருக்குக் கீழே அண்டார்டிக அடிநீர் வெப்பமடைந்தும் சுருங்கியும் வருவது தெரிகிறது என்பதால் அதை ஒதுக்கிவிடவும் முடியாது.

குன்னூர் ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. ஐந்து நாள் கணக்கையும், எமரால்டு பள்ளத்தையும் அப்படியே வகுப்புக்கு எடுத்துச் செல்கிறேன். மாணவிகள் தாங்களே ஒரு மாதிரியின் தரவை அளவீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வழி உண்டா? பள்ளிக் கணினி சாதாரணமானதுதான்.

வட்டக்கானல்

உண்டு. முன்னே சொன்ன மாதிரி ஒப்பீட்டுத் திட்டத்தின் ஆறாம் சுற்றில் (CMIP6) கலப்பு அடுக்கின் ஆழம் மாதவாரியாக இலவசமாகக் கிடைக்கிறது; புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் மாதிரியும் அதில் பங்கேற்றிருக்கிறது. ஒரு பாகைக் கட்டம் என்பதால் கோப்பு பெரிதாக இராது. அளவீட்டுப் பக்கத்துக்கு கடலில் மூழ்கியும் எழுந்தும் தாமாகவே அளக்கும் ஆர்கோ மிதவைகளின் தரவை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியப் பெருங்கடலுக்கானவற்றை ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) கையாள்கிறது. வழக்கமான ஆர்கோ 2,000 மீட்டருக்குக் கீழே போகாது. பனி மூடிய இடத்தில் மேலே வந்து செய்தி அனுப்பவும் முடியாது. மேல்நீர் உறைநிலையை நெருங்கியிருப்பதை உணர்ந்தால் அது மேலேறாமல் தரவைச் சேமித்து வைத்து, பனி விலகிய பிறகே அனுப்பும். அதனால் வெடல் கடலில் புள்ளிகள் குறைவாகவே இருக்கும்; லாப்ரடார் கடலிலிருந்து தொடங்குவது எளிது. மாதத்தை மட்டும் கவனித்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: வடக்குக்கு மார்ச், தெற்குக்குச் செப்டம்பர். ஆண்டுச் சராசரியை எடுத்தால், சில வாரங்களே நீடிக்கும் ஆழக் கலப்பு படத்தில் தெரியவே தெரியாது.